வெள்ளை லைட்டில் ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் தெருவில் மேயும் கோழிகளில் நாலைந்துக்கு இடது கால் விரலில் நெயில் பாலிஷ் இருக்கும். நல்ல சிவப்பு. கீழ்பென்னாத்தூருக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்து ஓய்ந்துவிட்டோம். அவை ஆதிமூலம் அண்ணன் வீட்டுக் கோழிகள். அவர் கோழியும் என் கோழியும் ஒரே குப்பையைத்தான் கிளறும். சாயங்காலம் அடைக்கும்போது அவருடையது ஒன்று என் பஞ்சாரத்துக்குள் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். என்னைத் திருடி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கோழியின் விரலைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பக்கத்து வீடு என்பதோடு போகவில்லை எங்கள் பழக்கம். எனக்கு ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. காரமில்லாத குழம்பு, தாளிக்காத பருப்பு என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆக்கிப் போடுகிறேன். இருட்டு விலகும் முன்பே கிளம்பும் ஆதிமூலம் அண்ணன் வேனில்தான் தினமும் போவேன். பூக்காரப் பெண்கள் பின்னால் கூடைகளோடு உட்காருவார்கள். அவர் மகள் சிந்துஜா டவுனில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அவளும் இதே வேன்தான். முன் சீட்டு எனக்கு. அதனால் அந்த மனுஷனின் சந்தேகங்களை எல்லாம் காதால் கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு சந்தேகப் புத்தி வந்துவிட்டது என்று என் வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. நிலத்தில் மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருந்தவர்தான். கிணற்றில் தண்ணீர் கம்மியானதும் பழைய வேன் ஒன்றை வாங்கப் போனார். பேசி முடித்த அன்று நாலு டயரும் புதுசு, பேட்டரியும் புதுசு. மாலையும் எலுமிச்சம்பழமுமாக வண்டியை எடுத்துவரப் போன அன்று, அதே வேன் வழுக்கை டயரோடும் செத்த பேட்டரியோடும் நின்றது. "நீ பாத்தது இதான்யா" என்று விற்றவன் சாதித்துவிட்டான். இல்லை என்று காட்ட இவரிடம் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி கஸ்தூரி அக்காவின் நெயில் பாலிஷ் பாட்டிலைக் கையில் எடுத்தவர், இன்றுவரை கீழே வைக்கவில்லை.

பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, டைனமோ எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. டிபன் கேரியரின் அடியில்கூட உண்டு. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தால் இவரும் பக்கத்தில் படுப்பார். பெட்ரோல் பங்கில் மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு, டீசல் அடிக்கிறவர் முகத்தையும் பார்ப்பார். முகத்தில் என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "உனுக்குத் தெரியாது தமிழு, நீ வண்டி ஓட்டு அப்புறம் தெரியும்" என்றார்.

இப்படிப்பட்டவர் பெண்ணைக் கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். பையன் பெயர் வளவன். பூர்வீகம் அடி அண்ணாமலை. செங்கம் ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங், லைட் வேலை பார்க்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. அப்பா இல்லை, அம்மா பாஞ்சாலை மட்டும். சிந்துஜாவுக்குப் பிடித்துவிட்டது என்பது வேனில் அந்தக் கடையைத் தாண்டும்போது அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

"அப்பா வேணாம்னு சொன்னா நான் ஓடியெல்லாம் போ மாட்டேங்க்கா. ஆனா வேற யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன். இப்படியே வேலைக்குப் போயினு இருந்துடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள்.

அண்ணன் அடி அண்ணாமலைக்கே போய் விசாரித்தார். டீக்கடை, சலூன், ரேஷன் கடை ஒன்று விடவில்லை. எல்லாரும் நல்ல பையன் என்றார்கள். திரும்பி வந்தவர் முகம் இருண்டு கிடந்தது.

"ஒருத்தன்கூடக் கொற சொல்லலியே, அது எப்படி? ஊருன்னா நாலு பேரு நாலு விதமா சொல்லணும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்றான்னா யாரோ சொல்லி வெச்சிருக்காங்க."

"குடிக்க மாட்டாராம்ண்ணா, நல்லதுதானே?" என்றேன்.

"அதான் எனுக்கும் இடிக்குது" என்றார்.

இந்த நேரத்தில்தான் லைட் விஷயம் வந்தது. தை அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கம் பாதி ரோடு களம்தான். நெல்லைக் காயப்போட்டு, ராத்திரியில் கறுப்புத் தார்பாயால் மூடி, சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு விடிகாலையில் எதிரே பெங்களூர் கார் ஒன்று வெள்ளை லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அண்ணனுக்குக் கண் கூசி, வேன் அந்தக் கற்கள் மேல் ஏறி இறங்கியது. பூக்கூடை எல்லாம் கவிழ்ந்து, என் தலை கண்ணாடியில் முட்டியது. வண்டியை நிறுத்திவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அவன் வெள்ள லைட்டு, நம்மள்து மஞ்ச லைட்டு. எனுக்கு ஒண்ணும் தெரியல. நானும் அந்த செனான் லைட்டப் போட்டுடறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையன்கிட்டயே குடுக்கறேன். கை எப்படினு தெரிஞ்சிடும்ல?"

அன்று சாயங்காலமே வேன் வளவன் கடையில் நின்றது. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்ப நானும் அதில்தான் இருந்தேன். அவன் ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"வேணாங்க மாமா. இந்தக் கிண்ணம், டூமு, சாதா பல்புக்குச் செஞ்சது. இதுல செனான் கிட்டு போட்டா வெளிச்சம் ஒழுங்கா ரோட்ல விழாது, நாலா பக்கமும் செதறும். எதிர்ல வர்றவன் கண்ணுதான் போவும். ஆர்டிஓ ஆபீசுக்கு எஃப்சிக்குப் போனாலும் கழட்டச் சொல்வாங்க. இதையே நல்ல பல்பா மாத்தி, வயரிங் புதுசு போட்டாலே போதும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வருகிற வேலையை வேண்டாம் என்கிற கடைக்காரனை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "இன்னாத்துக்கு வேணான்றான்?" என்று என் காதருகில் முனகிவிட்டு, "நீ போடு தம்பி" என்றார்.

அவன் போட்டான். இரண்டு பல்பு, இரண்டு சின்னப் பெட்டி, கொஞ்சம் வயர். இவர் அவன் தோளுக்குப் பின்னாலேயே மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார். பல்பை அவன் துணியால்தான் பிடித்தான். "இதுல கண்ணாடி மேல மட்டும் விரல் படக்கூடாது மாமா, எண்ணெப் பச பட்டா சூட்டுல போயிடும்" என்று சொன்னான். அண்ணன் தலையாட்டினார். தலையாட்டினாரே தவிர, வழியில் சிந்துஜாவை ஏற்றிக்கொண்ட பிறகும் வீடு வரைக்கும் அதே பேச்சுதான். தொடக்கூடாது என்றால் ஏன், தொட்டால் எது தெரிந்துவிடும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக இரண்டு பல்பையும் கழற்றினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கோழி அடைத்துக்கொண்டிருந்தேன். வெறும் கையால் பிடித்து, அந்த நெயில் பாலிஷை எடுத்து, கண்ணாடி நுனியில் பொட்டு வைத்தார். மற்ற சாமான்களுக்கு அடியில் வைக்கிறவர், இதற்கு ஏன் நுனியில் வைத்தார் என்றால், அங்கே வைத்தால் ஹெட்லைட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம். மாட்டிவிட்டு முன்னால் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சிவப்பாகத் தெரிந்தது. திருப்தியாகச் சாப்பிடப் போனார்.

மறுநாள் விடிகாலையில் அந்த லைட்டைப் போட்டதும் நான் வாயைப் பிளந்தேன். ரோடு பால் கொட்டினமாதிரி இருந்தது. ஆனால் எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் டிம் அடித்துத் திட்டிவிட்டுப் போயிற்று. செங்கம் ரோட்டில் மலை சுற்றிவந்தவர்கள் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். ஒரு சாமியார் நின்று எங்கள் வேனைப் பார்த்து ஏதோ சொன்னார், வாழ்த்தாக இருக்காது. வளவன் சொன்னது சரிதானே என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களை இறக்கிவிட்டு, நன்றாக விடிந்த பிறகு அண்ணன் வண்டியை நேரே அவன் கடைக்கே விட்டார். வெளிச்சத்தைக் கீழே இறக்கித் தரச் சொன்னார்.

வேன், முகம் உள்சுவரைப் பார்த்தபடி, கடைக்குள் நின்றது. அப்போது பாஞ்சாலை அம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணா, வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே போறதா? ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். சம்பந்தி ஆகப்போகிறவர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது? வண்டியை விட்டு அவர் நகர்ந்தார். வாழ்நாளில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தனியாக விட்டது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளே போனதும் வளவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். அதையும் நான் பார்த்தேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, நடந்து போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் ஹெட்லைட்டுக்கு முன்னால் குனிந்த ஆதிமூலம் அண்ணன் நிமிரவேயில்லை. புள்ளி இல்லை. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை.

"தமிழு, நான் உள்ள போனப்ப அவன் இன்னா செஞ்சினு இருந்தான்?"

கேட்டார், பார்த்ததைச் சொன்னேன். "ஷட்டர பாதி இறக்கினாருண்ணா."

கஸ்தூரி அக்கா, "துடைச்சதுல போயிருக்கும்ங்க" என்றார். நெயில் பாலிஷ் துடைத்தால் போகுமா? போகாது. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. பையனைப் பற்றி நான் வைத்திருந்த நல்ல எண்ணம் எல்லாம் ஆட்டம் கண்டது. பட்டப்பகலில் ஒருவன் எதற்கு ஷட்டரை இறக்குவான்? புதுப் பல்பைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டத்தான் என்று நானும் நம்பிவிட்டேன். சிந்துஜாவிடம் யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வேனில் வந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நாளில் வலது பக்க லைட் ரோஸ் கலராக நடுங்கி, அணைந்து, மறுபடி எரிந்து, ஒரு விடிகாலையில் ஒரேயடியாகப் போய்விட்டது. அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, யாரையும் வழியில் இறக்காமல் வந்து, செங்கம் ரோட்டில் கடைக்கு எதிரே நட்டநடு ரோட்டில் பிரேக் போட்டார். பூக்காரப் பெண்கள், நான், சிந்துஜா எல்லாரும் உள்ளேதான் இருந்தோம்.

"டேய், வெளிய வாடா! எம் பல்பு எங்கடா?"

வளவன் பல் துலக்கிக்கொண்டு வந்தான். ஒன்றும் புரியாமல் ஹெட்லைட்டைத் திறந்து, பல்பைத் துணியால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். "இத யாராவது கையால தொட்டீங்களா மாமா?" என்று கேட்டான்.

"யாரு யார கேக்கறது? எம் பல்புல அடையாளம் வெச்சிருந்தேன்டா. இப்ப அது எங்க? திருட்டுப் பயலே! ஷட்டர இறக்கிட்டு மாத்தினியா இல்லியா?"

"ஷட்டர் இறக்கினாத்தான் மாமா பகல்ல லைட்டு செவுத்துல எங்க விழுதுன்னு தெரியும். அதுக்குத்தான்."

"மாமான்னு கூப்புடாத!"

பாஞ்சாலை அம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தார். அண்ணன் அவரையும் விடவில்லை. "நீயும் கூட்டுதானம்மா? காபி குடுத்து என்னை உள்ள உக்கார வெச்சிட்டு, இவன வுட்டு மாத்த சொன்னவதான நீ?" என்றார். எதிர் டீக்கடையில் அத்தனை பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. வேனுக்குள் சிந்துஜாவைப் பார்த்தார், பிறகு மகனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது.

அதற்குப் பிறகு சிந்துஜா வேனில் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் அப்பாவுக்குச் சாப்பாடு போடுவாள், பேச மாட்டாள். கஸ்தூரி அக்கா சுவர் ஓரம் வந்து நின்று அழுதுவிட்டுப் போவார். அண்ணன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். "நல்லவேள, லைட்டோட போச்சு. பொண்ண குடுத்துட்டுத் தெரிஞ்சிருந்தா?" என்று வேனில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். ரொம்ப ஜாஸ்தியாகச் சொன்னார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒற்றைக் கண் லைட்டோடு எத்தனை நாள் ஓட்டுவது? வேலூருக்குப் போய், முன்பின் தெரியாத கடையில் புதுக் கிட் வாங்கி மாட்டினார். டீ குடிக்கவில்லை, ஒன்றுக்குக்கூடப் போகவில்லையாம், கண்கொட்டாமல் நின்றாராம். வெளிச்சத்தை இறக்கி வைப்பதையும் அங்கேயே முடித்துக்கொண்டு, பகலோடு வீடு வந்து சேர்ந்தார். பொழுது சாய்ந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து புதுப் பல்புகளைக் கழற்றினார். பாட்டிலை எடுத்தார். நான் வழக்கம்போல் கோழியோடு சுவர் ஓரம் நின்றேன். சிந்துஜா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பொட்டு வைத்தார், மாட்டினார். லைட் சரியாக எரிகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. மயிர் கருகினமாதிரி, அதில் கொஞ்சம் மருந்து வாடை. கஸ்தூரி அக்கா அடுப்பைத்தான் ஓடிப் பார்த்தார். ஹெட்லைட் கண்ணாடிக்குள் மெல்லிசாக ஒரு புகை சுற்றுவதை நான் பார்த்தேன். அண்ணன் பாய்ந்து போய் அணைத்துவிட்டுக் குனிந்தார். பல்பு நுனியில் சிவப்பு இல்லை. பழுப்பாக ஒரு காய்ந்த ஏடு. அதுவும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிர்ந்துவிட்டது. வெறும் கண்ணாடி.

வாசலில் வேறு யாரும் இல்லை. ஷட்டர் இல்லை, காபி இல்லை. அவர் எழுந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பழக்கம், வேறென்ன? யார் மேலாவது பழி போட முடியுமா என்று அந்த நிமிஷத்திலும் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

சிந்துஜா பக்கத்தில் வந்து நின்றாள். அத்தனை நாள் கழித்து அப்பாவிடம் பேசினாள்.

"கண்ணாடிய தொடாதீங்கன்னு அவரு சொன்னாருல்லப்பா? அந்த பல்ப கொன்னது நீதான்."

அவள் கீழே இருந்த நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தாள். தன் கையை நீட்டினாள்.

"எனுக்கும் ஒரு புள்ளி வெச்சிடுப்பா. நாளைக்கு நான் யார் வூட்டுக்குப் போனாலும், வந்து பாத்துக்கலாம். மாறாம இருக்கேனான்னு."

ஆதிமூலம் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. வேன் படியில் உட்கார்ந்துகொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கஸ்தூரி அக்கா கரண்டியோடு நின்று பார்த்தார், கிட்டே போகவில்லை.

மறுநாள் காலை பூக்காரப் பெண்களைப் பெரிய கோயில் பக்கம் இறக்கிவிட்ட பிறகு வேன் வேறெங்கும் நிற்கவில்லை. நேரே செங்கம் ரோட்டுக் கடைதான். சிந்துஜா கடைசி சீட்டில்தான் இருந்தாள், எங்கே என்று கேட்கவில்லை. வளவன் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் இறங்கி, உள்ளே போய், அவன் பக்கத்தில் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். பாஞ்சாலை அம்மாள் வாசல்படியிலிருந்தே கேட்டார்.

"அன்னிக்கு ரோட்ல நின்னு சொன்னீங்க. இன்னிக்கு மட்டும் காதுல சொல்றீங்களே, இன்னா நியாயங்க இது?"

கேட்டது சரியான கேள்வி. அண்ணன் திரும்பி ரோட்டுக்கு வந்தார். டீக்கடையில் அன்று இருந்த முகங்களில் பாதி இப்போதும் இருந்தன. அவர் கை வேட்டியைப் பிசைந்தது. இந்த மனுஷன் வண்டி ஏறிப் போய்விடுவாரோ என்று ஒரு நொடி நான் சந்தேகப்பட்டேன்.

"எல்லாரும் கேளுங்க" என்றார். குரல் உடைந்தாலும் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டது. "இந்தப் புள்ள என் பல்ப மாத்தல. அடையாளம் வெச்சவனும் நான், பல்ப கெடுத்தவனும் நான். திருடன்னு சொன்னது தப்பு. இந்தம்மாவ சொன்னது அதவிட தப்பு."

ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளை நிறுத்தி என்னவென்று பார்த்துவிட்டுப் போனார். வளவன் துடைப்பத்தை ஓரமாக வைத்தான்.

"இப்பவாவது அந்தக் கிட்ட கழட்டிடலாங்களா?" என்றான்.

"கழட்டிடு. நீ மொதல்ல சொன்னதே போடு."

பாஞ்சாலை அம்மாள் இன்னும் படியிலேயே நின்றார். மன்னித்த முகம் இல்லை அது. சோதிக்கிற முகம். "காபி போடப் போறேன்" என்றார். "உள்ள வரீங்களா, இல்ல வண்டிய பாத்துனு இங்கியே நிக்கறீங்களா?"

அண்ணன் சாவியை வளவனிடம் கொடுத்தார். உள்ளே போனார். வாசலைப் பார்த்து ஒரு நாற்காலி இருந்தது, சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி இருந்தது. அவர் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வேனிலிருந்து இறங்கிக் கதவோரம் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடை ஷட்டர் கடகடவென்று பாதிக்கு இறங்கியது. அவர் தோள் ஒருமுறை உதறியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரும்பவில்லை.

சிந்துஜா இறங்கி வந்து அந்த வாசலில் நின்றாள். உள்ளே வா என்று பாஞ்சாலை அம்மாள் அவளைக் கூப்பிட்டார். அவள் ஒரு அடி வைத்து நின்று, அப்பாவின் வெறும் கையைப் பார்த்தாள்.

"அப்பா, சாவி எங்க?"

காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

"மாப்பிள்ளகிட்ட இருக்குது."